ஜினியா முளைக்கவில்லை, சாய்கிறது, அழுகுகிறது, நிறம் மாறுகிறது: எதைப் பார்த்தால் என்ன செய்வது

ஜினியா விதையை யார் கொடுத்தாலும் "சும்மா தூவி விடுங்க, தானா வரும்" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். தரையில் தூவினால், நல்ல விதையாக இருந்தால், பெரும்பாலும் அப்படித்தான் வரும். சிக்கல் எப்போது ஆரம்பிக்கிறது என்றால், மாடியில் நாலு தொட்டி வைத்து, பூத்த பூவிலிருந்து நாமே விதை எடுத்து, அதை மறுபடி விதைத்து, நடுவில் பிடித்த நிறத்தைக் கட்டிங் போட்டு, அதாவது தண்டை வெட்டி ஊன்றி, பெருக்கலாம் என்று இறங்கும்போதுதான். சென்னையில் நான்காவது மாடியில் எட்டு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இந்த ஊர் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் கடல்காற்றின் ஈரத்துக்கும் ஜினியா எப்படியெல்லாம் முகம் காட்டும் என்பது ஓரளவு பழகிவிட்டது.

உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: எதையாவது ஊற்றுவதற்கோ தெளிப்பதற்கோ முன்னால் அந்த விதையையோ நாற்றையோ கையில் எடுத்துப் பாருங்கள். வாடினால் தண்ணீர், மஞ்சளானால் உரம், புள்ளி வந்தால் வேப்பெண்ணெய் என்று கை தானாகப் போகும். நான் இழந்த ஜினியாக்களில் முக்கால்வாசி அந்த அவசரத்தில் போனவைதான்.

பத்து நாளாகியும் ஒன்றுமே முளைக்கவில்லை

மண் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தால் ஜினியா நாலாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தலைகாட்டிவிடும். கத்திரி வெயிலை விட்டுவிட்டால், நம் ஊரில் நிழலில் வைத்த தட்டு பெரும்பாலும் இந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். அதனால் பத்து நாள் தாண்டியும் அசைவில்லை என்றால் இனிமேல் காத்திருந்து பலனில்லை. ஒரு ஈர்க்குச்சியால் மண்ணைக் கிளறி, போட்ட விதையைத் தேடி எடுங்கள்.

விதையே கிடைக்கவில்லை என்றால் எறும்பு இழுத்துப் போயிருக்கும், இல்லையென்றால் அணில் கிளறியிருக்கும். தட்டை நாலு கிண்ணத் தண்ணீர் மேல் வைத்து, முளைக்கும் வரை மேலே கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டினால் போதும். விதை கிடைத்து, விரலால் அமுக்கினால் கூழாக நசுங்கினால், ஈரம் கூடியிருக்கிறது அல்லது ஆழமாகப் புதைத்துவிட்டீர்கள். அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது வகைதான் வீட்டு விதையில் அதிகம் நடப்பது. விதை போட்டபடியே தட்டையாகக் கிடக்கும், அழுகியும் இருக்காது, ஊதியும் இருக்காது, வெறும் தோல். அது பொக்கு, உள்ளே பருப்பில்லாத விதை.

எங்கள் கீழ்வீட்டு அக்கா போன வருஷம் ஒரு டப்பா நிறைய விதை எடுத்து வைத்திருந்தார். ஒரே செடி, அடுக்கடுக்காக ராணி பிங்க் நிறத்தில் பூத்தது, எல்லாப் பூவையும் செடியிலேயே காயவிட்டு அக்கறையாகச் சேர்த்தவை. மூன்று தடவை விதைத்தும் ஒன்றிரண்டு தவிர வரவில்லை. "விதை நல்லாத்தானேப்பா காஞ்சிருக்கு, மண்ணுதான் சரியில்லையோ?" என்று டப்பாவோடு மேலே வந்தார். செய்தித்தாளை விரித்து ஒரு பூவை அதன்மேல் உதிர்த்தோம். காய்ந்த ஒவ்வொரு இதழின் அடியிலும் அம்பு நுனி மாதிரி ஒரு பழுப்பு முக்கோணம் ஒட்டியிருக்கும், அதுதான் விதை. அதை எடுத்து நடுவில் நகத்தால் அழுத்தச் சொன்னேன். நல்ல விதை என்றால் நடுவில் லேசான மேடு இருக்கும், அழுத்தினால் கெட்டியாக எதிர்க்கும், வகிர்ந்தால் உள்ளே வெள்ளைப் பருப்பு தெரியும். அவர் கையில் எடுத்தது காகிதம் மாதிரி மடங்கியது. அடுத்ததும் மடங்கியது. அறுபது விதை பிரித்ததில் ஐந்தில்தான் பருப்பு இருந்தது. மண்ணில் ஒரு குறையும் இல்லை, அந்த ஒரு வருஷமாக அவர் மாற்றிய மண்ணெல்லாம் வீண்.

காரணம் என்னவென்றால், ஜினியா தன் மகரந்தத்தைத் தானே பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளாது. வேறொரு செடியின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் விதை பிடிக்கும். ஒரே செடியை வைத்துக்கொண்டு எத்தனை பூவைக் காயவைத்தாலும் தோல்தான் மிஞ்சும். இன்னொன்றும் உண்டு: ஒரே செடியிலிருந்து ஐந்து கட்டிங் எடுத்து ஐந்து தொட்டியில் வைத்தாலும் அவை ஐந்தும் ஒரே செடிதான், ஒன்றுக்கொன்று விதை பிடிக்காது. தனித்தனி விதையிலிருந்து வந்த நாலைந்து செடியாவது பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுக்கு ஜினியாவில் இன்னும் ஒரு சிக்கல். மகரந்தம் இருப்பது நடுவில் சின்னச் சின்ன மஞ்சள் நட்சத்திரமாக விரிகிற குட்டிப் பூக்களில்தான். சுற்றியுள்ள வண்ண இதழ் ஒவ்வொன்றும் தனிப் பெண் பூ, அதில் மகரந்தம் கிடையாது. இதழின் அடியில் இரண்டாகப் பிளந்த ஒரு மெல்லிய இழை நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். முழு அடுக்காக இருந்தால் நட்சத்திரங்கள் மிகக் குறைவு அல்லது இருக்கவே இருக்காது. அதோடு நாலாவது மாடிக்குத் தேனீ வருவதும் குறைவு. அதனால் காலை வெயில் ஏறியதும், வேறு செடியில் மஞ்சள் வளையம் நன்றாகத் தெரிகிற ஒரு பூவைப் பறித்து, அடுக்குப் பூவின் முகத்தோடு முகம் வைத்து மெதுவாகத் தேயுங்கள். தொடர்ந்து ஒரு வாரம், இரண்டு நாளுக்கு ஒரு தடவை. சின்ன ஓவியத் தூரிகையும் நன்றாக வேலை செய்யும், எனக்குப் பூவோடு பூ தேய்ப்பதுதான் எளிதாக இருக்கிறது.

விதையைத் தண்ணீரில் போட்டு மிதப்பதை நீக்கும் சோதனையை ஜினியாவுக்கு நான் நம்புவதில்லை, நல்ல விதையும் கொஞ்ச நேரம் மிதக்கும். அதற்குப் பதிலாகப் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் மூடி, ஐந்தாறு நாள் வையுங்கள். ஏழு எட்டு முளைத்தால் அப்படியே விதையுங்கள். நாலைந்துதான் என்றால் ஒரு குழிக்கு இரண்டு போடுங்கள். அதற்கும் கீழே என்றால் அந்தப் பொட்டலத்தை நம்பி ஒரு பருவத்தை விட வேண்டாம்.

முளை தலையில் விதைத்தோலை மாட்டிக்கொண்டு நிற்கிறது

மேலோட்டமாக விதைத்தாலோ மேல்மண் காய்ந்துபோனாலோ இப்படி வரும், ஏனென்றால் மண் உரசலில்தான் அந்தத் தோல் கழன்று விழ வேண்டும். பிடுங்காதீர்கள், விதையிலையும் (முதலில் விரிகிற இலை ஜோடி) சேர்ந்து கிழிந்து வந்துவிடும். காலையும் மாலையும் கைத்தெளிப்பானால் தோலை மட்டும் நனைத்துவிட்டால் இரண்டு நாளில் தானே கழன்றுவிடும்.

நேற்று நின்ற நாற்று இன்று கழுத்தொடிந்து கிடக்கிறது

குனிந்து, மண்ணைத் தொடுகிற இடத்தைப் பாருங்கள். தண்டு அங்கே நூல் மாதிரி மெலிந்து, பழுப்பாக, ஊறிய மாதிரி இருந்தால் நாற்றழுகல். சுத்தமாக வெட்டுப்பட்டு மேல்பாகம் தனியாகக் கிடந்தால் வெட்டுப்புழு அல்லது நத்தை, அதற்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் எடுத்துப் போய்த் தேடிப் பொறுக்குவதை விட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. தண்டு நல்ல பச்சையாக இருந்து நண்பகலில் மட்டும் துவண்டு மாலையில் நிமிர்ந்துவிட்டால் அது வெறும் வெயில் களைப்பு, கவலைப்பட ஒன்றுமில்லை.

நாற்றழுகல் பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்ணில் வாழும் கிருமிகளால் வருவது. விழுந்த நாற்றை எழுப்ப முடியாது, பக்கத்தில் நிற்பதைத்தான் காப்பாற்ற வேண்டும். விழுந்ததை அடிமண்ணோடு கரண்டியால் எடுத்து வெளியே போடுங்கள். தண்ணீரை நிறுத்துங்கள், மேல்மண் வெளுத்துக் காயட்டும். தட்டைக் காற்று வீசுகிற இடத்துக்கு மாற்றுங்கள். சூடோமோனாஸ் (நோய்க்கிருமியை அடக்கும் பாக்டீரியா பொடி) வைத்திருந்தால் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மீதி நாற்றின் அடியில் ஊற்றலாம், ஆனால் அது தண்ணீரைக் குறைப்பதற்கு மாற்று இல்லை. அடுத்த தடவை விதைப்பதற்கு ஒரு வாரம் முன்னாலேயே நாற்று மண்ணில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியைக் கலந்து வைப்பது நல்லது. பழைய தொட்டி மண்ணை நாற்றுக்கு எடுக்காதீர்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் சிக்கனம் பார்ப்பதில்லை.

ஜினியாவின் பூர்வீகம் மெக்சிகோ, வறண்ட புதரும் புல்வெளியும் உள்ள இடம். தேங்கிய ஈரமும் அடைந்த காற்றும் அதற்கு எங்கே போனாலும் ஆகாது, பூமிக்கு வெளியே போனாலும்கூட. 2015 நவம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் 'வெஜ்ஜி' என்ற செடி வளர்ப்புப் பெட்டியில் ஜினியா வளர்க்க ஆரம்பித்தார்கள். டிசம்பரில் செடியைச் சுற்றித் தண்ணீர் சேர்ந்து, இலை நுனியில் துளி துளியாகக் கசிந்து, இலை சுருண்டு, பூஞ்சணம் பிடித்துவிட்டது. பெட்டியின் விசிறியை வேகமாக்கினார்கள். அப்புறம் அந்தக் காற்றிலேயே செடிகள் காய ஆரம்பித்தன. விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி, அட்டவணையைப் பார்த்து அல்ல, செடியைப் பார்த்துத் தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லி அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டார். சில செடிகள் பிழைத்தன, 2016 ஜனவரியில் ஆரஞ்சு நிறத்தில் பூவும் வந்தது. தட்டைக் கையால் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்திருந்தால் மட்டும் தண்ணீர் என்ற வழக்கத்துக்கு நான் வந்தது இதைப் படித்த பிறகுதான். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று கடிகாரம் பார்த்து ஊற்றிய நாட்களில் பாதித் தட்டு போய்க்கொண்டிருந்தது.

நாற்று நெடுநெடுவென்று வெளுத்து, சாய்ந்து வளர்கிறது

வெளிச்சம் போதவில்லை. சன்னலோரம் வைத்தவர்களுக்கும், முளைத்த பிறகும் நிழல்வலைக்குள்ளேயே தட்டை விட்டவர்களுக்கும் இது வரும். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். முதல் இரண்டு நாள் காலை வெயில் மட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு மணி நேரம் வரை. ஏற்கெனவே நீண்டுவிட்டதை விதையிலைக்குக் கொஞ்சம் கீழே வரை மண் அணைத்து மாற்றி நடலாம். ஆனால் மண் இறுகலாக, ஈரமாக இருந்தால் புதைத்த பாகம் அழுகும், அதனால் மணல் கூட்டிய மண்ணில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

மாற்றி நட்ட பிறகு மூன்று வாரமாக அப்படியே நிற்கிறது

ஜினியாவுக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. முடிந்தால் பூக்கப் போகிற தொட்டியிலேயே நேராக விதைப்பதுதான் நல்லது. குழித்தட்டில் போட்டே ஆக வேண்டும் என்றால் விதையிலைக்கு அடுத்து வருகிற நிஜ இலை இரண்டு ஜோடி வந்ததும் மாற்றிவிடுங்கள். ஒரு மாதம் தாண்டி வேர் குழிக்குள் சுருண்டுவிட்டால், அந்த நாற்று தொட்டிக்குப் போன பிறகும் தன் பழைய குழிக்குள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு, அரை அடி உயரத்தில் ஒற்றை மொட்டு வைத்து நின்றுவிடும்.

நின்ற செடியின் இலை ஓரம் தீய்ந்த மாதிரி இருந்தால் கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) சந்தேகப்படுங்கள். கழுவாத கட்டியில் உப்பு இருக்கும். ஊறவைத்த தண்ணீர் காப்பி நிறம் போய் வெளிறி வரும் வரை மூன்று நாலு தடவை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். நான் கலப்பது செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, கொஞ்சம் ஆற்று மணல். இதற்கு மேல் உரம் கொட்டினால் இலைதான் வரும்.

கட்டிங் கறுத்து அழுகுகிறது

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம், ஏனென்றால் ஜினியாவைக் கட்டிங்கில் வளர்க்கலாம் என்பதையே பலர் நம்புவதில்லை. நம்பிப் போட்டவர்களில் பலரும் ரோஜா, செம்பருத்தி பழக்கத்தில் தடித்த, முற்றின தண்டைத் தேடி எடுத்து அழுகவிட்டிருப்பார்கள். ஜினியாவின் முற்றிய தண்டு உள்ளே குழல் மாதிரி வெற்றாக இருக்கும். மண்ணில் சொருகினால் அந்தக் குழலுக்குள் தண்ணீர் ஏறித் தேங்கி, அழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். வெட்டியதும் வெட்டுவாயைப் பாருங்கள். நடுவில் ஓட்டை தெரிந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே இன்னும் இளசான இடத்தில் வெட்டுங்கள். முழுக்கப் பச்சையாக, நிறைந்த தண்டாக இருக்க வேண்டும்.

நாற்று முக்கால் அடி வந்ததும், மூன்றாவது அல்லது நான்காவது இலை ஜோடிக்கு மேல் உச்சியைக் கிள்ளிவிடச் சொல்வார்கள். கிள்ளினால் ஒவ்வொரு கணுவிலும் எதிர் எதிராக இரண்டு கிளை வரும், பூ கூடும். அந்தக் கிள்ளிய உச்சியைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் நல்ல கட்டிங். எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்க்காமல் நேராக ஒரு வெட்டு, புது பிளேடால். அடி இலை ஜோடியை எடுத்துவிடுங்கள். மேல் இலை பெரிதாக இருந்தால் பாதியாகக் கத்தரியுங்கள். காலை ஏழு மணிக்குள் வெட்டினால் தண்டில் நீர் நிறைந்திருக்கும், பதினொரு மணிக்கு வெட்டியது சொருகுவதற்குள் துவண்டுவிடும்.

ஊன்றுவது கழுவிய ஆற்று மணலில், அல்லது கோகோபீட்டும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகளும் சம பங்காகக் கலந்ததில். உரம் எதுவும் வேண்டாம். ஒரு கணு உள்ளே போனால் போதும். வேர்விடும் பொடி தொட்டால் கொஞ்சம் விரைவாக வேர் பிடிக்கும், தொடாவிட்டாலும் பிடிக்கும். பாட்டிலை வெட்டி மேலே கவிழ்த்து, நல்ல வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். தினமும் காலையில் பாட்டிலை எடுத்து அரை மணி நேரம் காற்று விடுங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பாட்டிலின் உட்சுவரில் எப்போதும் நீர் வழிந்துகொண்டிருந்தால் அது கூடுதல் ஈரம்.

முதல் இரண்டு நாள் மதியம் துவளும், விடுங்கள். மூன்றாம் நாள் காலையில்கூட நிமிராமல் இருந்தால் மெதுவாக உருவிப் பாருங்கள். அடி கறுத்திருந்தால், கறுப்புக்கு மேல் சுத்தமான பச்சைத் தண்டும் இரண்டு கணுவும் மிச்சமிருந்தால், அங்கே வெட்டிப் புது மணலில் ஊன்றலாம், இல்லையென்றால் போனதுதான். நன்றாக இருப்பதைப் பத்தாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் இரண்டு விரலால் லேசாக மேலே இழுத்துப் பாருங்கள். மண் பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு சின்ன எதிர்ப்பு விரலில் தெரியும். அது தெரிந்தால் வேர் வந்துவிட்டது.

தண்ணீர்க் கிளாஸில் வேர்விடவைப்பதும் முடியும், ஆனால் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், ஒரு கணு மட்டும் மூழ்க வேண்டும், தண்டு வழுக்க ஆரம்பித்தால் உடனே அடியை வெட்டிப் புதுத் தண்ணீருக்கு மாற்ற வேண்டும். வேர் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வந்ததும் மண்ணுக்குப் போய்விடட்டும். நீளமாக வளர்ந்த தண்ணீர் வேர் மண்ணில் தடுமாறும்.

கட்டிங் உயிரோடு இருக்கிறது, ஆனால் வேர் விடாமல் பூக்கப் பார்க்கிறது

மொட்டோடு வெட்டியிருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத கடுகளவு மொட்டு உச்சி இலைகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும், விரலால் விரித்துப் பார்த்து நகத்தால் கிள்ளி எடுங்கள். பகல் குறுகினால் ஜினியா சீக்கிரம் மொட்டு வைக்கும். சென்னையில் டிசம்பரில் பகல் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டியே இருக்கும், ஜூனில் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் தாண்டும். அதனால் மார்கழியில் மொட்டில்லாத உச்சி கிடைப்பதே கஷ்டம். கட்டிங் போடுவதற்கு நான் வைகாசியிலிருந்து ஆடி வரை உள்ள நாட்களைத்தான் எடுத்துக்கொள்கிறேன், வெயில் தணிந்த மாலையும் நிழல்வலையும் இருந்தால் போதும்.

கட்டிங் போட்டால் ஜினியா பல வருஷச் செடியாகிவிடாது, அது ஒரு பருவச் செடிதான். ஆனால் விதையில் அதே நிறம் வருமா என்று தெரியாத ஒரு பூவை இன்னொரு சுற்று பார்க்க வேண்டும் என்று ஆசை வரும் இல்லையா, அப்போது இதை விட்டால் வேறு வழி கிடையாது.

இலையில் புள்ளி, அல்லது வெள்ளை மாவு

இரண்டையும் பிரித்துப் பாருங்கள், விதை எடுப்பவர்களுக்கு இது முக்கியம். வட்டமான செம்பழுப்புப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம் என்றால் ஆல்டர்னேரியா பூஞ்சைக்கான அடையாளம். நரம்புகளுக்கு இடையில் கோணல்மாணலாக, சுற்றி மஞ்சள் வளையத்தோடு இருந்தால் பாக்டீரியா புள்ளி, சாந்தோமோனாஸ் என்பது அதன் பெயர். இரண்டுமே விதை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகும். அந்தச் செடியின் பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் அதிலிருந்து விதையும் எடுக்க வேண்டாம், கட்டிங்கும் எடுக்க வேண்டாம். எனக்கு இது மனசு கேட்காத வேலை. ஒரு தடவை கேட்காமல் ஒரு சிவப்புச் செடியில் விதை எடுத்து, அடுத்த பருவம் நாற்றிலேயே புள்ளி வந்து தட்டோடு கொட்டினேன். புள்ளி விழுந்த இலையைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். பூவாளியால் இலைமேல் ஊற்றுவதை நிறுத்தி அடியில் ஊற்றுங்கள், தெறிக்கும் தண்ணீரில்தான் புள்ளி ஏறுகிறது.

விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வருவது சாம்பல் நோய். பொங்கலை ஒட்டிய பனி நாட்களில் அடி இலையில் ஆரம்பிக்கும். இது காற்றில் பறந்து வருவது, செடிகளை நெருக்கி வைத்தால் ஒரு வாரத்தில் எல்லாவற்றிலும் ஏறும். ஒரு செடிக்கும் இன்னொன்றுக்கும் ஒரு அடி இடைவெளி விடுங்கள். ஆரம்பத்திலேயே பார்த்தால் ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து காலையில் தெளித்தால் கட்டுப்படுகிறது. மீறினால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகப் பொடி) லிட்டருக்கு 2 கிராம், மாலையில். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது, கொளுத்தும் வெயிலிலும் கூடாது, இலை கருகிவிடும். முற்றிய பூ இருக்கும் நிலையில் கடைசிக் காலத்தில் வந்த மாவுக்கு நான் எதுவுமே செய்வதில்லை, விதை முற்றும் வரை செடி தாங்கும். ஒவ்வொரு வருஷமும் இதுதான் தொல்லை என்றால் புரொஃப்யூஷன், ஸஹாரா வகைகளை வையுங்கள், அவை நன்றாகத் தாங்குகின்றன.

விதைக்கு விட்ட பூ கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கிறது, செடியிலேயே முளைக்கிறது

மழைதான் காரணம். புரட்டாசியில் பூத்ததை ஐப்பசி மழையில் செடியிலேயே காயவிட முடியாது. பூவின் காம்பு பச்சை போய்ப் பழுப்பாக ஆரம்பித்ததும், மழை வரும் என்று தெரிந்தால், ஒரு சாண் காம்போடு வெட்டி வீட்டுக்குள் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். காம்பு இன்னும் பச்சையாக இருந்தால் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம், உள்ளே பருப்பு நிறைந்திருக்காது. பூ விரிந்து விதை முற்ற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை பாலித்தீன் உறையைக் குடைமாதிரி மேலே மட்டும் கட்டிவைக்கலாம், அடியில் காற்று போக வேண்டும். இதையெல்லாம் தவிர்க்க நல்ல வழி, விதைக்காகவே தை மாதத்தில் விதைப்பது. பங்குனி, சித்திரை வெயிலில் பூ மொறுமொறுவென்று காயும்.

காய்ந்த விதையைக் காகித உறையில் போட்டு, அதை ஒரு கண்ணாடி பாட்டிலில், அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். இப்படி வைத்தால் மூன்று வருஷம்கூட முளைக்கும். சமையலறை அலமாரியில் வைத்தது சென்னை ஈரத்தில் ஒரே வருஷத்தில் பாதிக்குப் பாதி போய்விட்டது.

விதை எடுத்த செடி ஒரு நிறம், வந்தது வேறு நிறம்

பிற செடியின் மகரந்தம் வேண்டும் என்று மேலே சொன்னதன் மறுபக்கம் இது. சிவப்பில் எடுத்த விதைக்கு அப்பா மஞ்சளாக இருக்கலாம், தேனீக்கு நிறக்கணக்கு கிடையாது. அடுக்கில் எடுத்தது ஒற்றையாக வருவதும் இதனால்தான். வாங்கும்போதே உறையில் எஃப்1 (இரண்டு வகையைக் கலந்த முதல் தலைமுறை) என்று போட்டிருந்தால் அதன் பிள்ளைகள் தாய் மாதிரி வராது. ட்ரீம்லேண்ட், மெஜல்லன் இரண்டும் அப்படிப்பட்டவை. கலிஃபோர்னியா ஜெயன்ட், லில்லிபுட் போன்ற பழைய வகைகள் விதைக்கு ஏற்றவை.

ஒரே நிறம் வேண்டும் என்றால், அந்த நிறத்திலேயே, தனித்தனி விதையில் வந்த இரண்டு மூன்று செடிகளைத் தேர்ந்தெடுங்கள். மொட்டு விரியத் தொடங்கும்போதே மெல்லிய வலைப்பை போட்டுக் கட்டுங்கள், நகைக்கடையில் கொடுக்கும் சின்ன வலைப்பை அளவு சரியாக இருக்கும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை பையைக் கழற்றி, ஒன்றின் பூவை இன்னொன்றில் தேய்த்து, மறுபடி கட்டுங்கள். பை மட்டும் கட்டிவிட்டுத் தேய்க்காமல் விட்டால் மறுபடியும் பொக்குதான். முதல் தலைமுறையிலேயே நூறு சதவீதம் அதே நிறம் வராது. வருவதில் பிடிக்காத நிறத்தை முதல் பூவிலேயே பிடுங்கிவிட்டு மீதியை மட்டும் விதைக்கு விட்டால், எனக்கு மூன்றாவது பருவத்தில் ஆரஞ்சு ஓரளவு நிலைத்தது.

பூவுக்கு அடியில் காம்பில், அந்தப் பூவின் நிறத்திலேயே ஒரு தையல் நூலைக் கட்டிவிடுங்கள், பூ இன்னும் புதிதாக இருக்கும்போதே. காய்ந்த பிறகு சிவப்பு, ஆரஞ்சு, ராணி பிங்க் எல்லாமே ஒரே வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும், அப்போது எது எந்தச் செடி என்று நூலைப் பார்த்தால்தான் தெரியும்.